வேர்களைப் பற்றி எனக்கு மட்டும் சொல்லாமல் போனவளுக்கு

என் அன்புக்கும் எரிச்சலுக்கும் உரிய அக்கா,

நீ போய்ப் பதினொரு மாதம். உன்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் தீரவில்லை. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து, "என்ர பூமரங்களைப் பாத்துக்கொள்ளடி" என்றாய். எப்படிப் பார்ப்பது என்று ஒரு வார்த்தை சொன்னாயா?

இருந்தது மூன்றே மூன்று சாடிகள். அவற்றுக்காக வேலை முடிந்து ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் உன் வீட்டு மூன்று மாடியும் ஏறினேன். அத்தான் கதவைத் திறப்பார். திரும்பிப் போய் ரீவிக்கு முன்னால் இருந்துவிடுவார்.

முதலில் ஓர்க்கிட். அதன் வேர்கள் சாடிக்கு வெளியே வெள்ளையாய்த் தொங்கின. மண்ணில்லாமல் தவிக்கிறதாக்கும் என்று நினைத்து, மண் வாங்கி வந்து எல்லாவற்றையும் புதைத்துத் தண்ணீரும் ஊற்றினேன். மூன்று கிழமையில் அழுகி நாறியது. சார்செல்லிலிருந்து வந்த உன் மகள் தலையில் கைவைத்தாள்.

"மே நோன், இல்லை சித்தி! அது மரத்தில தொத்தி வளருற சாதி. அந்த வெள்ளைத் தோல்தான் காத்தில இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். புதைச்சா மூச்சு முட்டிச் செத்திடும்."

"ஆர் சொன்னது உனக்கு?"

"அம்மாதான்."

அவளுக்குச் சொல்லியிருக்கிறாய். பொறுப்பை ஒப்படைத்ததோ என்னிடம். இது என்ன நியாயம்?

அடுத்தது சாத்தாவாரிக் கொடி. சாடி வெடிக்கும்போல் இருந்ததால் பெரியதில் மாற்றக் கவிழ்த்தேன். வேரெல்லாம் விரல் தடிப்பில் கட்டி கட்டியாய். அக்கா, உன் வயிற்றில் கண்டதையும் டொக்டர் கட்டி என்றுதானே சொன்னார்? கத்தரிக்கோலை எடுத்து ஒன்றுவிடாமல் வெட்டினேன். இந்த முறை நேரத்தோடு கண்டுவிட்டேன் என்று ஒரு மடத்தனமான சந்தோஷம் வேறு.

காய்ந்த காலத்துக்கென்று அது தண்ணீரும் சாப்பாடும் சேர்த்து வைத்த வேர்கள் அவை என்று பிறகுதான் தெரிந்தது. பத்து நாளில் கொடி வைக்கோலானது.

போன மாதம் ஒரு விழாவில் ஒருவர் நம் வேர்களைப் பற்றி முக்கால் மணி நேரம் முழங்கினார். எந்த வேர் என்று எழும்பிக் கேட்கலாம்போல் இருந்தது.

மிஞ்சியது வெற்றிலைக் கொடி. அத்தான் மகளோடு போய் இருப்பதென்று முடிவானது. வாடகை வீட்டைத் திருப்பிக் கொடுக்குமுன் சுவரெல்லாம் சுத்தமாக இருக்க வேண்டுமாம். உன் கொடியோ குட்டி குட்டி வேர்களால் குசினிச் சுவரை முகடுவரை கவ்விப் பிடித்திருந்தது. நான் தொடவே மறுத்தேன்.

"இதையும் நான் கொல்லமாட்டன் அத்தான். என்னால ஏலாது."

ரீவியை நிறுத்திவிட்டு அவர் எழும்பி வந்தார்.

"விடு, நான் கழட்டுறன். இந்த வேர் சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கத்தான். குடிக்கிறது கீழ, சாடிக்குள்ள இருக்கிற வேர்."

"அக்கா உங்களுக்கும் சொன்னவவோ?"

"ஓம். ஒவ்வொரு நாளும் சொல்லுவா. நான் கேக்காத மாதிரி இருப்பன்."

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. நீ போனபின் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். ஒரு கையால் கண்ணைத் துடைத்தபடி, தேக்கரண்டிக் காம்பால் ஒவ்வொரு வேராக நெம்பினார். இலைகூடக் கிழியாமல் கொடி இறங்கியது. கணுவோடு நாலு துண்டு வெட்டி எனக்கும் தந்தார். "கணுவை மண்ணுக்குள்ள வை. புது வேர் விடும். அது குடிக்கிற வேர்" என்றார்.

பெயிண்டில் வேர் பிடித்திருந்த பழுப்புப் புள்ளிகள் போகவேயில்லை. வீட்டைச் சோதித்துப் பொறுப்பெடுக்க வந்தவர் அதைத் தாளில் குறித்தார். குறிக்கட்டும்.

நாலில் மூன்று துளிர்த்துவிட்டன. அதைப் பார்க்கிற சாட்டில் அத்தான் ஞாயிறு தவறாமல் ரயிலேறி வந்து, உன்னைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் நிறுத்துகிறாரில்லை. நீ அவரைக் காதலித்த காலத்துக் கதையெல்லாம் நான் ஏன் கேட்க வேண்டும், சொல்லு?

ஆனாலும் கேட்பேன், அக்கா. இனி எதையும் வெட்டுமுன், புதைக்குமுன், அவரிடம் கேட்பேன். அவர் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் இருப்பேன். இது சத்தியம்.

இன்னும் கோபத்தோடு,
உன் ஒரே தங்கச்சி