வெந்நீருக்கு ஆன நேரம்

என்னங்க,

பள்ளங்கி பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சத்து மாத்திரை கொடுக்க என்ன செலவாகிறது என்று மூன்று நாளாகக் கணக்கெடுக்கிறேன். மாத்திரை, டம்ளர், டீச்சரின் நேரம், எல்லாவற்றுக்கும் படிவத்தில் கட்டம் இருக்கிறது.

இந்த மலைக் குளிரில் பிள்ளைகள் பச்சைத் தண்ணீரில் மாத்திரை விழுங்குவதில்லை. அதனால் ஒரு பிள்ளையின் அம்மா, ரெஜினா என்று பெயர், தினமும் வீட்டிலிருந்து வெந்நீர் சுமந்து வருகிறார். எவ்வளவு நேரமாகிறது என்று கேட்டேன்.

"வீட்ல சும்மாதானே மேடம் இருக்கேன். அதப் போயி எழுதுவாங்களா?" என்று சிரித்தார்.

இன்று வெள்ளனே அவர் அடுப்படியில் போய் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு மணி நேரம். எழுதிவிட்டேன்.

"வீட்ல சும்மாதானே இருக்கீங்க" என்று கிளம்பும்போது உங்களிடம் சொன்னேனே, அப்போது நீங்கள் என் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள்.

சனிக்கிழமை வருகிறேன். அன்றைக்காவது நீங்கள் சும்மா இருங்கள். வெந்நீர் நான் வைக்கிறேன்.

உங்கள் வாயாடி