சாந்தியின் கன்றல்கள்

12.8.79, ஞாயிறு

விடாத மழை. பூசைக்குப் போய் வந்ததில் முழங்கால் வரை சேறு. கண்டி ஆய்வுகூடத்திலிருந்து கொண்டுவந்த வேலை பெட்டிக்குள்ளேயே. லீவாம்.

மாதா கோயில் வாசலில் அப்பா யாரிடமோ, "எங்க மக லண்டன்ல படிச்ச டாக்டரு." அம்மா உடனே, "காய்ச்சலுக்கு மாத்திர எழுதத் தெரியாத டாக்டரு!" எல்லாரும் சிரிப்பு. நானும்தான். இரத்த ஆராய்ச்சி வேறு, வைத்தியம் வேறு என்று எத்தனை தரம் சொல்வது. கொஞ்சம் வலித்தது.

பின்னேரம் பக்கத்து லயத்து வரிசை வீடுகளில் ஒரே சத்தம். சாந்தி, ஏழு வயது, உடம்பெல்லாம் நீல நீலமாகக் கன்றல். மாற்றாந்தாய் லெச்சுமி அடித்ததாகப் பேச்சு. சாந்தியின் அப்பனுடைய அக்கா காமாட்சி நோட்டன் பிரிட்ஜிலிருந்து வந்து, பிள்ளையைத் தன்னோடு வேறு காம்பிரா அறையில் வைத்திருக்கிறாள். கையோடு கொண்டுபோகப் போகிறாளாம். தேயிலைத் தோட்டத் தலைவர் புதன்கிழமை தீர்ப்பு சொல்வார்.

13, திங்கள்

மழை. லெச்சுமி பீலிக் குழாயடிக்குத் தண்ணீர் எடுக்க வந்ததும் மற்றப் பெண்கள் குடத்தோடு நகர்ந்துவிட்டார்கள்.

சாந்தியைப் பார்க்கப் போனேன். கன்றல் மட்டுமல்ல. கணுக்காலில் ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளிகள், ஈறிலும் இரத்தக் கசிவு. அடித்தால் இப்படி வராது. இரத்தப் புற்றுநோயோ?

இரத்தம் நிற்காமல் ஓடியதுண்டா என்று அறியப் புத்தகக் கேள்விகள் கேட்டேன். பல் பிடுங்கினீர்களா? ஆபரேஷன்? இந்த லயத்தில் யாருக்கு ஆபரேஷன்! சட்டென்று இன்னொரு கேள்வி வந்தது. என்னோடு லண்டனில் படித்த எவருக்கும் வந்திருக்காது. தற்பெருமைதான், இருக்கட்டும்.

"அட்ட கடிச்சா ரத்தம் எப்ப நிக்கும்?"

காமாட்சிக்குத் தெரியவில்லை. உள்ளே விடாததால் இஸ்தோப்புத் திண்ணையில் நின்றிருந்த லெச்சுமிதான் பதில் சொன்னாள். "முன்னெல்லாம் சுண்ணாம்பு வச்சா நின்னுரும்க்கா. போன மாசம் காய்ச்சல்ல விழுந்தாளே, அதுக்கப்பறம் காலையில கடிச்சா அந்தி வரைக்கும் ஓடுது. துணி மாத்தி மாத்திக் கட்டுறேன். சொன்னா யாரு நம்புறா?"

காய்ச்சலுக்குப் பிறகு! அப்படியானால் பிறவிக் கோளாறு இல்லை. இரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட்டுகளை உடம்பின் காவலாளிகளே எதிரி என்று எண்ணி அழிக்கிறார்களா? நான் வருடக்கணக்காக மாரடிக்கும் விஷயமே இதுதான். ஆனால் பார்க்காமல் சொல்லக்கூடாது.

14, செவ்வாய்

கொஞ்சம் வெயில்.
சாந்தியின் விரலில் ஊசி குத்தி ஒரு துளி; காமாட்சி கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடித் தகட்டில் பூசிக் காயவிட்டேன்.
மஸ்கெலியா பஸ். தள்ளுமுள்ளு, நெரிசல். தகடு கைக்குட்டைக்குள், கைக்குட்டை என் நெஞ்சோடு.

டவுன் ஆஸ்பத்திரியில் மைக்ரோஸ்கோப் இரவல். நான் யார் என்று சிங்களத்தில் கேட்டார்கள். தோட்டத்துப் பிள்ளை, ஆராய்ச்சி செய்பவள் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது.

சிவப்பணு சரி. வெள்ளணு சரி. புற்றுநோயின் அடையாளமே இல்லை. மாதாவே! பிளேட்லெட்டுகளைத்தான் காணோம், தேடித் தேடி ஒன்றிரண்டு. அங்கிருந்த டாக்டரும் பார்த்துவிட்டு அதையே சொன்னார். கண்டிக்கு அனுப்ப வேண்டும், மருந்து உண்டு, பெரும்பாலும் குணமாகும்.

பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

15, புதன். மாதா திருநாள்

அந்தியில் தலைவர் வீட்டு முன்னால் கூட்டம். பிள்ளையின் அப்பன் ஓரமாகக் குந்தியிருந்தான். நான் விஷயத்தைச் சொன்னேன்.

காமாட்சி விடுவாளா? "ரத்தத்துல கோளாறாம்! இவ கையில கோளாறு இல்லையாக்கும்?"

சாந்தியின் சட்டைக் கையை மடித்துக் காட்டினேன். மணிக்கட்டுக்கு மேலே புதுக் கன்றல், விரல் விரலாக. "இது நேத்து வந்தது, அத்தை. நான் ஊசி குத்தும்போது புள்ள அசையாம நீங்க புடிச்சீங்க."

காமாட்சி தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். அச்சாகப் பொருந்தியது. "ஐயோ, நான் லேசாத்தானே புடிச்சேன்."

"நானும் அப்புடித்தான், மதினி" என்றாள் லெச்சுமி.

தலைவர் தொண்டையைச் செருமிவிட்டு, கண்டிக்குப் போக வேன் ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். வேறு தீர்ப்பு ஒன்றும் சொல்லவில்லை.

கர்வமாக இருக்கிறது. யாரும் படிக்கப்போவதில்லை, அதனால் இன்னொரு தரம் எழுதுகிறேன்: கர்வமாக இருக்கிறது.

16, வியாழன்

பனிமூட்டம். விடியக்காலையிலேயே வேன். அம்மா ரொட்டி கட்டித் தந்தாள். நானும் லெச்சுமியும் பிள்ளையும். வரவேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் காமாட்சியும் ஏறிவிட்டாள். ஹட்டன் தாண்டியதும் சாந்தி தூக்கத்தில் அவள் பக்கம் சாய்ந்தாள். காமாட்சி கையை மடக்கி முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"லெச்சுமி, நீயே மடியில போட்டுக்க. எப்புடிப் புடிக்கணும்னு ஒனக்குத்தான் தெரியும்."