நனையக் கூடாத மழைமானி

மார்ச் 3

மழைமானி வந்துவிட்டது! வானிலை அலுவலகத்துக்காரரே வந்து, கொல்லையில் துணிக்கொடிக் கம்பத்தில் குழாயை மாட்டிக் கொடுத்தார். சுள்ளென்ற வெயிலிலும் குடையும் கையுமாகத் திரிகிற மனிதர். இனி அவர் பெயர் குடைக்காரர். தினமும் காலை எட்டரைக்கு அளந்து நோட்டில் எழுத வேண்டும். ஒரு நாள் விடாமல் ஒரு வருடம் எழுதினால், எங்கள் ஓடைப் பாலத்துக்குத் தானியங்கி மானியும் எச்சரிக்கைச் சங்கும் கிடைக்குமாம்.

விடுவேனா? போன வருடம் அந்தப் பாலத்தில், நான் ஓட்டும் பள்ளி வேனில் ஏழு பிள்ளைகளோடு வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவள் நான். அன்று வானொலியில் சொன்னது "லேசான தூறல்". வானிலை அலுவலகத்தின் மானி ஊரின் அந்தக் கோடியில், சமவெளியில் இருக்கிறது. மேகம் மலையில் முட்டி எங்கள் தலையில் அல்லவா கொட்டுகிறது!

என் வீட்டுக்காரருடைய அம்மா குழாயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

இதுக்குத்தான் அத்தை.

மார்ச் 29

ஆலங்கட்டி! வேன் கூரையில் தடதட. பிள்ளைகள் போட்ட கூச்சலில் காது போச்சு. நானும்தான் கத்தினேன். 11 மி.மீ.

மே 20

0. பத்தொன்பது நாளாக 0. சமவெளிக் காற்று அடுப்பு அனல் மாதிரி வீசுகிறது. மூன்று மணியானால் மலை மேல் மேகம் கூடி, ஆசை காட்டிவிட்டுக் கலைகிறது. "சைபரையும் எழுதணுமா சார்?" என்று போனில் கேட்டேன். "அதுவும் அளவுதாம்மா" என்றார் குடைக்காரர்.

ஜூலை 18

ஐயோ, எல்லாம் போச்சு.

இரண்டு மணிக்குப் பிடித்த மழை ஐந்துக்குத்தான் விட்டது. மழையா அது! வேனை மேட்டுத் தெருவிலேயே நிறுத்தி, பிள்ளைகளை ஒவ்வொருவராக ஒப்படைத்தேன். எண்பது இருக்குமா, நூறு இருக்குமா என்று குதித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தால், கம்பத்தில் குழாயைக் காணோம். சமையலறை அலமாரியில் கவிழ்ந்திருக்கிறது. துடைத்து வேறு வைத்திருக்கிறார்!

"கொடியில துணி எடுத்தேன். இதுவும் பாவம் நனையுதேன்னு சேர்த்து எடுத்துட்டு வந்தேன்" என்கிறார் அத்தை.

நனையத்தானே அத்தை அதை வச்சிருக்கு! கத்திவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது.

இப்போது என்ன எழுத? எண்பது என்று அடித்துவிடவா? யாருக்குத் தெரியப்போகிறது... எனக்குத் தெரியுமே. பாலத்துக்குச் சங்கு வராது. அவ்வளவுதான்.

ஜூலை 19

வந்தது வழி!

எட்டு மணி வரை நோட்டை வெறித்துக்கொண்டிருந்தேன். நேற்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசாத அத்தை, கொல்லையிலிருந்து கூப்பிட்டார்: "இங்க வா, சீக்கிரம்!"

வீட்டுக்காரர் ஜன்னலுக்குப் பெயிண்ட் அடித்து முடித்து, நேற்றுக் காலை கழுவி வெட்டவெளியில் வைத்த டப்பா. தூக்கிப் போடுங்கள் என்று நான் சண்டை போட்ட அதே டப்பா. பாதி தண்ணீர்!

"இதுல விழுந்ததும் அதே மழைதானே? இதை அளந்தா ஆகாதா?"

அட, ஆமாம்! ஓடிப்போய் ஸ்கேலை எடுத்து வந்து விட்டேன். 94.

குடைக்காரருக்கு போன் போட்டேன். "டப்பா மேலயும் கீழயும் ஒரே அகலமா? அப்போ செல்லும். ஆனா டப்பாவுல அளந்ததுன்னு பக்கத்துல எழுதிடுங்க." பிறகு, "எங்க மானியில நேத்து வெறும் ஆறும்மா" என்றார்.

அங்கே ஆறு, இங்கே தொண்ணூற்று நாலு! அத்தையைக் கட்டிக்கொண்டேன். கத்தியதற்கு மன்னிப்பும் கேட்டேன். "விடு, கழுத்து வலிக்குது" என்றார்.

அக்டோபர் 9

0. மலையைக் கழுவிக் காயவைத்த மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு மடிப்பும் தெரிகிறது. நான் போவதற்குள் கம்பத்தடியில் அத்தை.

ஜனவரி 11

மூடுபனி. வேனை ஊர்ந்துதான் ஓட்டினேன். 0.

மார்ச் 2

முடிந்தது! ஒரு நாள் விடவில்லை!

மார்ச் 24

பாலத்தில் மானியும் சங்கும் நட்டுவிட்டார்கள். ஊதிக் காட்டியபோது தெருவே காதைப் பொத்திக்கொண்டு சிரித்தது. குடைக்காரரின் மேலதிகாரிகூட விரும்பிக் கேட்டது பெயிண்ட் டப்பாக் கதையைத்தானாம். பழைய குழாயைக் கழற்ற வந்த குடைக்காரரை அத்தை விடவில்லை. "அது பாட்டுக்கு இருக்கட்டும்."

மார்ச் 30

பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போக விடியுமுன் கிளம்பிவிட்டேன். இனி எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை. சாயங்காலம் வந்து பார்த்தால் நோட்டு மேசை மேல் திறந்திருக்கிறது. அத்தையின் கொட்டை எழுத்தில் இரண்டு வரி:

"காலை 8.30. மழை 3.
குழாய் வெளியில்தான் இருந்தது."