அத்தை சொல்லிக்கொடுத்த பதில்கள்

அன்பு மகளுக்கு, நீ அங்கே சுகமாக இருப்பாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன், எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அப்பாவும் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. ஃபோனில் சொல்லலாமென்றால் அவர் என்னை விட்டு நகர்வதேயில்லை, இப்போது அத்தை அவரை நடக்கக் கூட்டிப்போயிருக்கிறார், நீயோ ஃபோனை எடுக்கவில்லை, அதனால் வாட்ஸ்அப்பில் எழுதுகிறேன்.

மறதி நோய் ஆராய்ச்சிக்கு ஆன்லைனில் தன்னார்வலர்கள் சேர்க்கிறார்கள் என்று நீ அனுப்பிய இணைப்பில் அப்பாவைச் சம்மதிக்க வைத்துப் பதிவு செய்தேன். புது மருந்தாம், நோய் முற்றாதவர்களுக்கு மட்டும்தானாம். கம்ப்யூட்டரில் சில சொற்களைக் காட்டி மறைத்துவிட்டுப் பிறகு கேட்கும் தேர்வு, பால் பொங்குகிறதென்று நான் அடுப்படிக்குப் போன நேரத்தில் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாய் அவர் காதில் சொல்லியிருக்கிறார். நினைவாற்றல் நன்றாக உள்ளது, வாழ்த்துகள், இந்த ஆய்வில் சேர்க்க இயலாது என்று மின்னஞ்சல் வந்துவிட்டது. வாழ்த்தாம்! அத்தையைக் கேட்டால், ஏம்மா, கண்ணை மூடிட்டு பஸ் ஓட்டுவான் என் தம்பி, அவன் ஃபெயிலாகறதை நான் பாத்துட்டு இருக்கணுமா என்று என்மேலேயே பாய்ந்தார். ஃபெயிலானால்தான் மருந்து என்று சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தவர் அன்றைக்குச் சாப்பிடவேயில்லை. அவரை என்னவென்று திட்டுவது?

முன்பின் தெரியாதவர்களிடம் பேச எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி என்று பேர்தான், ஆனாலும் அந்த அலுவலகத்தைக் கூப்பிட்டுக் கெஞ்சினேன். கூட வசிக்காத நெருங்கிய சொந்தம் யாராவது வீடியோவில் தனியாகப் பேசினால் மறுதேர்வுக்குக் கேட்டுப் பார்க்கிறேன், வெள்ளிக்கிழமையோடு சேர்ப்பு முடிகிறது என்றாள் அங்கிருந்த பெண். உன் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். அப்பாவை யாரிடமும் விட்டுக்கொடுக்காத வாய் உனக்கும், அதுதான் என் பயம். லேசா மறதி, அவ்வளவுதான் என்று ஆரம்பித்துவிடாதே. போனமுறை நீ வந்தபோது அப்பா உன் பையைத் தூக்கி வாசலில் வைத்து, நேரமாச்சும்மா, உங்க வீட்டுல தேடுவாங்க என்றாரே, நீ மாடிக்குப் போய் அழுதாயே, அதைக் கூசாமல் அப்படியே சொல். மருந்து கேட்குமா என்பது உறுதியில்லை, மருந்தில்லாத வெறும் மாத்திரைகூடக் கிடைக்கலாம் என்று அந்த அலுவலகப் பெண் சொல்லிவிட்டாள், தெரிந்துதான் கேட்கிறேன், தட்டுவதற்கு வேறு கதவு எனக்குத் தெரியவில்லை.

நீ நோய்நொடியில்லாமல் நீடூழி வாழவேண்டும், வேளைக்குச் சாப்பிடு. வெள்ளிக்கிழமை வரைக்கும் ஃபோனை சைலண்டில் போடாதே கண்ணு. என்னை இன்னும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார், அது இருக்கும்போதே அவரைச் சேர்த்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
உன்னையே நம்பியிருக்கும் அம்மா