நர்ஸுக்கு மூக்கு எதற்கு

நவம்பர் 3, திங்கள்

இன்றும் மத்தியானம் சாப்பிடவில்லை. ஹாஸ்டலில் பருப்பு உருண்டைக் குழம்பு. மூடியைத் திறந்ததும் காலையில் வார்டில் கழுவிய சளிக் கோப்பை ஞாபகத்துக்கு வந்துவிட்டது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். எதிரே இருந்த சுவாதி, "உனுக்கு வேணாம்னா இங்க போடு" என்று என் பங்கையும் தின்றாள். அவளும் என்னோடு நின்று அதே கோப்பையைத்தான் கழுவினாள். எப்படித்தான் இறங்குகிறதோ.

போன வருடம் எல்லாம் பொம்மையை வைத்துப் படித்தோம். பொம்மைக்கு நாற்றம் கிடையாது. பெட்பேன் வைத்தால் காலியாகவே திரும்பி வரும். இரண்டாம் வருடம் வந்ததும் பெண்கள் வார்டில் கொண்டுவந்து தள்ளிவிட்டார்கள். இன்று ஒரு சர்க்கரைக்கார அம்மாவுக்குக் கால் கட்டைப் பிரித்தேன். துணியோடு சதையும் வந்தது. பக்கத்துக் கட்டில்காரி அதைப் பார்த்துக்கொண்டே பிரியாணி எலும்பைச் சூப்பிக்கொண்டிருந்தாள். ச்சீ.

என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு வார்டு சிஸ்டர் கிருஷ்ணவேணி எல்லோர் முன்னாலும் சொன்னார்: "நர்ஸுக்கு மூக்கு எதுக்கும்மா, வீரலட்சுமி? நாளைக்கு ஹாஸ்டல்லயே கழட்டி வெச்சிட்டு வா."

நவம்பர் 4, செவ்வாய்

சுவாதி வழி சொன்னாள். மாஸ்க்குக்கு உள்ளே தைலம் தடவிக்கொள்ள வேண்டும். கண் எரிகிறது, மூக்கு எரிகிறது, ஆனால் ஒரு நாற்றமும் தெரியவில்லை. பாவி, இதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா.

நவம்பர் 5, புதன்

புது நோயாளி. பெயர் மங்கம்மா, ஜவளகிரிப் பக்கம், ஐம்பது வயதிருக்கும். புருஷன் ராமப்பன் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். இரண்டு பேருக்கும் தெலுங்குதான், தமிழ் ஒட்டவில்லை. பாகலூர்க்காரி சுவாதி இருந்திருந்தால் பேசியிருப்பாள், அவளை இன்று ஆபரேஷன் தியேட்டருக்கு மாற்றிவிட்டார்கள்.

விவரம் கேட்டு டாக்டரிடம் சொல்லும் வேலை எனக்கு. அந்தம்மா போர்வைக்குள் சுருண்டுகொண்டு, "கடுபு நொப்பி, கடுபு நொப்பி" என்று ஒரே பாட்டு. நொப்பி என்றால் நோவு. சாத்தூரிலிருந்து ஓசூர் வந்த இத்தனை வருடத்தில் அதுகூடத் தெரியாமலா இருப்பேன். கடுப்புக்கு எதற்குத் தெலுங்கு, அது நம் வார்த்தைதானே. அடிவயிற்றை வேறு பிடித்துக் காட்டினார். "நீர்க்கடுப்பு சார், ரொம்ப வலிக்குதாம்" என்று நீட்டி முழக்கினேன். டாக்டருக்கு வாசல் வரைக்கும் கூட்டம். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, ஊசி எழுதிவிட்டுப் போய்விட்டார்.

வெளிக்குப் போனார்களா, எப்படிப் போனார்கள், என்ன நிறம் என்றெல்லாம் கேட்க வேண்டும் என்று பாடத்தில் இருக்கிறது. அந்தக் கண்ராவியை யார் கேட்பது? கேட்டாலும் அந்தம்மாவுக்குப் புரியப் போவதில்லை. விட்டுவிட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

மங்கம்மா என் வெள்ளை ஷூவின் மேலேயே வாந்தி எடுத்தார். பச்சையாக. தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் கறை போகவில்லை.

சாயங்காலம் அப்பா கம்பெனி பஸ்ஸிலிருந்து போன் செய்தார். அழுதுவிட்டேன். "பிடிக்கலைன்னா விட்டுரு தாயி. வார ஜூன்ல பி.காம். சேத்து விடுதேன்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

நவம்பர் 7, வெள்ளி

 நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் தைலம் டப்பா தீர்ந்துபோயிருந்தது. வெறும் மாஸ்க்கோடு போனேன். மங்கம்மாவுக்கு மறுபடி வாந்தி. தட்டைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்படியும் வந்தது நாற்றம். வாந்தி நாற்றம் எனக்குத் தெரியாதா, அது புளித்த நாற்றம். இது அதில்லை. இது பீ நாற்றம். எழுதவே கூசுகிறது, ஆனால் வேறு என்னவென்று எழுதுவது?

படுக்கையிலேயே போய்விட்டார் என்று நினைத்துப் போர்வையைத் தூக்கினேன். படுக்கை சுத்தமாக இருந்தது. வயிறுதான் பானை மாதிரி உப்பிக்கிடந்தது. மூன்று நாளாக நான் அந்தப் போர்வையைத் தூக்கவே இல்லை. நாற்றம் என் கையிலிருந்த தட்டிலிருந்து வந்தது. அந்தம்மாவின் வாயிலிருந்து.

சிஸ்டரிடம் ஓடினேன். "சிஸ்டர், அந்தம்மா வாந்தி மலம் மாதிரி நாறுது."

"உனுக்கு எதுதான் நாறல?"

ரெண்டு பேர் சிரித்தார்கள். ஆயாம்மா பினாயில் பாட்டிலோடு வந்து தட்டை வாங்கக் கை நீட்டினார். நான் தரவில்லை. அந்தக் கருமத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். எங்கிருந்து வந்ததோ தைரியம், "மாஸ்க்கைக் கழட்டிட்டு ஒரு தடவ மோந்து பாருங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டேன்.

கழற்றினார். மோந்தார். அவர் முகம் மாறியதை நான் மறக்க மாட்டேன். மங்கம்மாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு டாக்டருக்குப் போன் போட்டார். தியேட்டரிலிருந்து சுவாதியையும் வரச் சொன்னார்.

சுவாதி தெலுங்கில் கேட்டாள். மங்கம்மா முனகிக்கொண்டே பதில் சொன்னார். சுவாதி நிமிர்ந்தாள்.

"ஊர்ல இருந்து வந்ததுலேர்ந்து வெளிக்கே போகலையாம் சிஸ்டர். காத்துகூடப் பிரியலையாம். நீர்க்கடுப்புன்னு யாரு சொன்னது? கடுபுன்னா வயிறு. வயித்து வலி வயித்து வலின்னுதான் இத்தன நாளா சொல்லிக்கினு இருக்காங்க."

கடுபு. வயிறு. நான் பாட்டுக்கு ஒரு ப்-ஐச் சேத்துக் கேட்டுக்கிட்டேன். எனக்குத் தெலுங்கு தெரியாது சார்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன கொறஞ்சிருக்கும்? வெளிக்குப் போனீங்களான்னு கையாலயாவது கேட்டிருக்கலாமே. கேக்கலை. ஏன்? அருவருப்பு. மகாராணிக்கு அருவருப்பு.

"நான்தான் சிஸ்டர் சொன்னேன்" என்றேன்.

"அத அப்புறம் பேசிக்கலாம். மூக்கு வழியா டியூப் போடணும், வந்து தலையப் பிடி."

பிடித்தேன். டியூபில் வந்ததெல்லாம் என் கையில் வழிந்தது. பழைய குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேஷன் தழும்பில் குடல் சிக்கி முறுக்கிக்கொண்டிருக்கிறதாம். தியேட்டருக்குக் கொண்டுபோகும்போது ராமப்பன் என்னைப் பார்த்துக் கையை விரித்து, என்ன ஆச்சு என்று கேட்டார். என் வயிற்றைத் தொட்டுக் காட்டி, "கடுபு" என்றேன்.

என்னைப் பார்த்தால் எனக்கே குமட்டுகிறது. இதற்கு அந்தச் சளிக் கோப்பை எவ்வளவோ தேவலை.

நவம்பர் 8, சனி

உயிரோடு திரும்பி வந்திருக்கிறார். கறுத்துப்போன கொஞ்சம் குடலை வெட்டி எடுத்துவிட்டுத் தைத்திருக்கிறார்கள். ஆனால் தைத்த குடல் அசைய வேண்டும். காற்று பிரிந்தால் பிழைத்தார். இல்லையென்றால் மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டும். "இன்னொரு தடவ அந்த ஒடம்பு தாங்காது" என்றார் சிஸ்டர். நான் தப்பாகச் சொன்னதைப் பற்றி இன்னும் பேசவில்லை. பேசுவார்.

நவம்பர் 9, ஞாயிறு

காற்று பிரியவில்லை.

நவம்பர் 10, திங்கள்

இன்றும் இல்லை. பெரிய டாக்டர் வந்தால், "காத்து பிரிஞ்சுதா?" சின்ன டாக்டர் வந்தால், "காத்து பிரிஞ்சுதா?" சிஸ்டர், ஆயாம்மா, பிரியாணிக்காரி வரை அதே கேள்வி. இவ்வளவு படித்தவர்கள் எல்லாம் ஒரு பொம்பளை எப்போது குசு விடுவாள் என்று கட்டிலைச் சுற்றி நிற்கிறோம். இதைப் படிக்கத்தான் அப்பா என்னை இங்கே சேர்த்தார்.

மங்கம்மாவுக்கு உடம்பு துடைத்து, வாய் கழுவி, டியூப் பையை மாற்றியது நான்தான். புதுத் தைலம் வாங்கவில்லை. நாறுகிறது. குமட்டலும் வருகிறது. வந்தால் வரட்டும்.

வயிறு இன்னும் கல்லு மாதிரித்தான் இருக்கிறது. நாளை மத்தியானம் வரை பார்ப்பார்களாம்.

நவம்பர் 11, செவ்வாய்

காலையில் டிரெஸ்ஸிங் அறையில் இருந்தேன். ராமப்பன் வராந்தாவில் ஓடிவந்தார். கண்ணில் தண்ணீர். "காலி" என்றார். "காலி, காலி."

தட்டு கையிலிருந்து விழுந்துவிட்டது. காலி. ஆள் காலி. போச்சு, கொன்னுட்டேன், நான்தான் கொன்னுட்டேன். 

அப்புறம் கடுபு ஞாபகம் வந்தது. என் காதை இனிமேல் நான் நம்புவதாக இல்லை. நேரே கட்டிலுக்குப் போனேன். மங்கம்மா போர்வையை முகத்துக்கு மேலே இழுத்து மூடிக்கொண்டு கிடந்தார். அதைப் பார்த்ததும் உயிரே போய்விட்டது. மாஸ்க்கைக் கழற்றிவிட்டுக் குனிந்து போர்வையைத் தூக்கினேன்.

ஐயோ, அந்த நாற்றம். இத்தனை நாள் குடலுக்குள் அடைத்துக் கிடந்ததெல்லாம் ஒன்றாக எழுந்து வந்தது. பிரியாணிக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. மங்கம்மா வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாகவில்லை, வெட்கப்படுகிறார்.

"என்னாம்மா அங்க?" என்று சிஸ்டர் மேஜையிலிருந்து கேட்டார்.

"காத்து பிரிஞ்சிருச்சு சிஸ்டர்."

"யாரு சொன்னா? நல்லாக் கேட்டியா?"

"கேக்கல சிஸ்டர். மோந்து பாத்தேன்."

 சிஸ்டர் டாக்டருக்குப் போன் போட்டார்.

மத்தியானம் சுவாதியிடம் கேட்டேன். தெலுங்கில் காலி என்றால் காற்றாம். இன்னும் என்னென்ன வார்த்தை இப்படி இருக்கிறது, எல்லாவற்றையும் சொல்லித் தொலை என்றேன். "மொதல்ல தின்னுடி" என்றாள். தின்றேன்.

சாயங்காலம் அப்பாவுக்கு நானே போன் செய்து, வாந்தியிலிருந்து இன்று காலை வந்த நாற்றம் வரை ஒன்று விடாமல் சொன்னேன். கம்பெனி கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார் போல.

"ச்சீ, சோத்துல கைய வச்சிருக்கேன், என்ன பேச்சு பேசுத தாயி" என்றார்.

பி.காம். பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.