ஐந்தாவது பாட்டனார்

கரகந்தா, பிப்ரவரி 19

அன்பு மகன் எர்டெனுக்கு,

நார்வேயின் மழையில் நீயும் மருமகளும் பேரன் அல்தியாரும் சளி பிடிக்காமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான், வலது முழங்காலைத் தவிர மற்றபடி ஒழுங்காக இருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் திருத்த வேண்டும். என் பேத்தி ஜிபெக்குக்குத் தோடு போட்டு நிச்சயம் செய்ய மாப்பிள்ளை வீட்டார் வந்த விருந்தில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்றும், செத்துப்போன புருஷனைப் பற்றி வாய்க்கு வந்ததைக் கத்தித் தட்டைத் தள்ளிவிட்டேன் என்றும் உன் ஒராஸ் சித்தப்பா உனக்குப் போன் செய்து சொன்னாராம். நான் கத்தவில்லை. எண்பத்திரண்டு வருடத்தில் நான் கத்தி யாரும் கேட்டதில்லை, கத்தாமலே எல்லாருக்கும் கேட்கும்படி பேச எனக்குத் தெரியும். தட்டைத் தள்ளியவர் உன் சித்தப்பா, குதிரைக் கறி ரசம் பட்டுக் கெட்டுப்போனது என் மேசைவிரிப்பு. புத்தியைப் பொறுத்தவரை, இந்தக் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு நீயே சொல்.

அதற்கு முன் அல்தியாரின் பள்ளிக் கட்டுரை. ‘என் அப்பாவின் நாடு’ என்று ஒரே பக்கத்தில் எழுதச் சொன்னார்களாம், பாட்டி பார்த்துத் திருத்தட்டும் என்று நீ அனுப்பியிருக்கிறாய். சிறு வயதில் என்னை நாடு கடத்தப்பட்டு வந்த இரண்டு ஜெர்மன் கன்னியாஸ்திரிகள் சுரங்கக் குடியிருப்பில் வைத்துப் படிப்பித்தார்கள், தப்பாக எழுதிய வரியை நூறு தடவை எழுதச் சொல்வார்கள். அல்தியாருக்கு அவ்வளவு தண்டனை வேண்டாம். உலகத்தில் ஒன்பதாவது பெரிய நாடு என்கிறான், சரி. இவ்வளவு பெரிய நாட்டில் பக்கத்து வீட்டுக்காரன் காரை நிறுத்த என் ஜன்னலடியைத் தவிர வேறு இடம் கிடைக்கவில்லை என்பதையும் சேர்க்கலாம். தலைநகரின் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறான், ஆனால் அச்சடிப்பதற்கு முன் ஒரு தடவை விசாரித்துக்கொள், என் ஆயுளில் அந்த ஊருக்கு ஐந்து பெயர் வைத்துவிட்டு இப்போது பழையதற்கே திரும்பியிருக்கிறார்கள். மனிதன் முதன்முதலில் வானத்துக்குக் கிளம்பியது இங்கிருந்து என்று பெருமையாக எழுதியிருக்கிறான், கிளம்பியவர்களில் நீயும் உண்டு என்று நான் சேர்த்துக்கொண்டேன். ‘விருந்தோம்பல் மிகுந்த மக்கள், பல இனத்தவரும் ஒற்றுமையாக வாழ்கிறார்கள்’ என்கிறான். மாடிப்படியில் இருக்கும் ஒரே ஒரு பல்பை யார் மாற்றுவது என்று கொரியக் குடும்பமும் செச்சென் குடும்பமும் நாங்களும் இரண்டு வருடமாக ஒற்றுமையாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கட்டுரையின் நடுவில் ஒரு வரி இருக்கிறது. ‘1930களில் மக்கள்தொகை குறைந்தது.’ செம்மறி ஆட்டுக்கு ரோமம் குறைவதுபோல எழுதியிருக்கிறான், பிள்ளை பாவம், எங்கேயோ பார்த்து எழுதியது. அந்த வரியைத் திருத்தத்தான் நான் உட்கார்ந்தேன், விருந்தில் நடந்ததும் அந்த வரியைச் சேர்ந்ததுதான். பொறுமையாகப் படி.

தெமிரை உனக்குத் தெரியும், ஜிபெக் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்த பையன், நல்ல பையன், காலணியை வாசலில் ஜோடியாக வைப்பான். உன் தம்பி தல்கத் போய்ச் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது, அவன் பெண்ணுக்கு இப்படி ஒருவன் வந்தானே என்று நான் நிம்மதியாக இருந்தேன். இருவரும் ஒரே குலம் என்று அவர்களுக்கே தெரியும். ஏழு தலைமுறை விலகியிருந்தால் கல்யாணம் செய்யலாம் என்றும் தெரியும். ஆனால் அந்த மகா புத்திசாலிகளுக்கு ஆளுக்கு நாலு பாட்டன் பெயர்தான் தெரியும். “நாலு வரைக்கும் ஒத்துப் பாத்தோம் அஜே, எங்கயும் இடிக்கல” என்று ஜிபெக் பிற்பாடு என்னிடம் அழுதுகொண்டே சொன்னாள். மீதி மூன்று பேரைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள் என்று பெரியவர்கள் நினைத்தோம்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒன்பது பேர் வந்தார்கள். அவர்களில் மூத்தவர் தெமிரின் பெரிய தாத்தா, எண்பத்தைந்து வயது, ஆட்டுத் தலையை அவர் முன் வைத்தோம். கத்தியைக் கையில் எடுத்தவர், “ரெண்டு பக்கமும் ஏழு பேரைச் சொல்லுங்கப்பா, கேட்டுக்கிட்டே சாப்பிடுவோம்” என்றார். உன் சித்தப்பாவுக்கு இதைவிடச் சந்தோஷம் வேறென்ன வேண்டும், தொண்டையைச் செருமிக்கொண்டு தல்கத், உன் அப்பா செய்த்கான் என்று ஆரம்பித்து ஐந்தாவதாக எசென்பாய் பெயரைச் சொன்னார். பெரியவரின் கத்தி நின்றுவிட்டது. “எங்களுக்கும் அஞ்சாவது அவர்தானய்யா” என்றார். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஜிபெக் கிண்ணம் நிரம்பி வழிவதைப் பார்க்காமல் ஊற்றிக்கொண்டே நின்றாள். சித்தப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, “இதுங்க ரெண்டும் அண்ணன் தங்கச்சி. தோட்டை மூடி வைங்கம்மா” என்றார். தெமிரின் அம்மா நகைப்பெட்டியை மூடினாள். எக்ஸ்ரே படித்த தெமிர், ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாமே என்று சொல்ல, பெரியவர், “குழாய்ல எச்சில் துப்பிப் பாட்டனைத் தேடுற ஆளாடா நீ?” என்று கேட்டுவிட்டார்.

அப்போதுதான் நான் பேசினேன். எர்டென், எசென்பாய் உன் பாட்டனார் இல்லை. உன் அப்பா அந்த வீட்டில் பிறக்கவில்லை. 1933 குளிர்காலத்தில், அல்தியார் எழுதிய அந்தக் குறைந்த காலத்தில், பஞ்சத்தில் ஊர் ஊராகச் செத்துக்கொண்டிருந்தபோது, உன் பாட்டியும் தாத்தாவும் ரொட்டி கிடைக்கும் என்று கேள்விப்பட்டுச் சுரங்கத்தை நோக்கி நடந்து வந்தார்கள். வழியில் தங்கள் இரண்டு பிள்ளைகளைப் புதைத்திருந்தார்கள். ரயில் பாதை ஓரத்தில், எழுந்திருக்காத ஒரு பெண்ணின் பக்கத்தில் குதிரைத்தோலில் சுற்றி இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று இருந்தது. தூக்கிக்கொண்டார்கள். எந்தக் குலம் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. உன் பாட்டி சாகும் முன் என் கையைப் பிடித்துக்கொண்டு இதைச் சொன்னாள். உன் அப்பாவுக்குப் பதினாறு வயதிலேயே தெரியும், ஒராஸின் காதுக்கு மட்டும் போகக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அந்தச் சத்தியத்தை நான் ஒன்பது விருந்தாளிகளுக்கு முன்னால் உடைத்தேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், அது என் குற்றம். இத்தனை வருடம் சொல்லாமல் இருந்ததற்குச் சத்தியம் மட்டும் காரணம் என்று எழுதினால் அதுவும் பொய். அந்தக் குலத்தின் மூத்த மருமகள் என்று முதல் வரிசையில் உட்கார எனக்குப் பிடித்திருந்தது.

உன் சித்தப்பா சொன்னதையும் எழுத வேண்டும், அதை அவர் உனக்குப் போனில் சொல்லியிருக்க மாட்டார். “அண்ணி, ஒரு கல்யாணத்துக்காக என் அண்ணனை எங்கிட்டேருந்து புடுங்குறீங்களே. அவரை எங்க அப்பா பக்கத்துல படுக்க வச்சிருக்கேனே, இப்ப என்ன, தோண்டி எடுத்து ரயில் ரோட்டுல வைக்கவா?” என்றார். அதற்குப் பிறகு அவர் இங்கே வரவில்லை. அவருக்குப் பிடித்த உலர்ந்த தயிர் உருண்டைகளைப் பக்கத்து வீட்டுக் கொரியப் பெண்ணிடம் கொடுத்தனுப்பினேன், டப்பா திரும்பி வந்தது, காலியாக வந்தது, அதுவரைக்கும் நல்லது.

பெரியவர் ஆட்டுத் தலையைத் தொடாமல்தான் எழுந்தார். போகும்போது வாசலில் நின்று சொன்னார், “பேத்திக்காக ஒரு பாட்டி என்ன வேணா சொல்லுவா. எசென்பாய் தன் பாட்டன் இல்லைன்னு மூத்த மகன் எழுதித் தரட்டும். தன்னோட ஏழு பேரையும் விட்டுக்குடுத்து ஒருத்தன் பொய் சொல்ல மாட்டான்.” கடுமையான மனிதர், ஆனால் கணக்கு சரியாகத்தான் போடுகிறார். அடுத்த மாதம் வரும் நவ்ரிஸ் பண்டிகை வரை காத்திருப்பார்கள். அதற்குள் உன் கையெழுத்து வந்தால் தோடு மறுபடி வரும். வராவிட்டால் தெமிருக்கு வேறு இடம் பார்ப்பார்கள்.

உன் வீட்டுச் சுவரில் ஏழு பெயரையும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாய், அல்தியாருக்கு ஐந்து வயதில் மனப்பாடம் செய்வித்தாய் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதனால் இதைச் செய் என்று கட்டளை போடவில்லை. எழுதிக்கொடுத்தால் உனக்கு இரண்டு பெயர்தான் மிச்சம், உன் அப்பாவும் நீயும். அதற்கு மேலே ரயில் பாதை ஓரம் எழுந்திருக்காமல் கிடந்த ஒரு பெண், அவள் பெயர் நமக்குத் தெரியாது. எழுதாவிட்டால் உன் தம்பியின் பெண்ணிடம் நான் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. அவள் இப்போது மூன்று நாளாக இரவுப் பணி கேட்டு வாங்கிப் போகிறாள், வீட்டில் என்னோடு உட்கார முடியாமல். என் சொல்லை நம்புகிறாயா என்றும் நீதான் முடிவு செய்ய வேண்டும், என்னிடம் காகிதம் எதுவும் இல்லை.

அல்தியாரின் காதை மூடும்படி தொப்பி போட்டு அனுப்பு. மருமகள் மாத்திரையை விடாமல் சாப்பிடட்டும். கால் இருக்கிற வரை நடங்கள், லிப்டில் ஏறாதீர்கள். கடவுள் உங்கள் வாசலைத் திறந்தே வைத்திருக்கட்டும், உன் பிள்ளைகள் உன்னைவிட நீண்ட நாள் வாழட்டும்.

ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் போனில் சொல்லாதே, கையால் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு அனுப்பு.

உன் அம்மா
ஷார்பான்