பாலத்தில் நிறுத்திய பஸ்

கோட்டூர்புரம்,
சென்னை-85.
2-12-1996

அன்புள்ள தேவானைக்கு,

கால் வீக்கம் குறைந்ததா? நிஷா ராத்திரியில் என்னைக் கேட்டு அழுகிறாள் என்று எழுதியிருந்தாய். இங்கே மழை விட்டபாடில்லை. ஆற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது, நம் பிளாக் பக்கம் இன்னும் வரவில்லை.

இதைப் பக்கத்தில் யாரும் இல்லாதபோது உட்கார்ந்து படி. எனக்கு அடி எதுவும் படவில்லை. முதலிலேயே அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ பதறுவாய்.

தீபாவளிக்கு ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தாய். டியூட்டி என்று பதில் போட்டேன். டியூட்டி இல்லை. அன்றைக்கு முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன். எழுந்து குளிக்க வேண்டும் என்று நினைத்தாலே மலைப்பாக இருந்தது. எதிர்வீட்டில் கொடுத்த அதிரசத்தை எறும்பு தின்றது. வெளியே அத்தனை வெடிச் சத்தம், அது எனக்கு எங்கேயோ வேறு ஊரில் கேட்பதுபோல் இருந்தது.

ஆடி மாதத்திலிருந்தே இப்படித்தான். விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே விழிப்பு வந்துவிடும். நிஷா மடியில் ஏறி விளையாடினால் மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருப்பேன். நீயும் பார்த்தாய். எனக்கு என்ன குறை? நிரந்தர வேலை, தங்கமான பிள்ளை, நீ. யோசித்து யோசித்துப் பார்த்தும் காரணம் கிடைக்கவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. காரணம் தெரிந்தால் ஏதாவது செய்யலாம்.

பண்டிகை முடிந்த வாரம் எனக்குக் காலை ஷிப்ட். தி.நகரிலிருந்து வண்டி நிரம்பி வழிந்தது. மந்தைவெளி தாண்டி அடையாறு பாலத்தில் ஏறினேன். நல்ல மழை. பாதிப் பாலத்தில் எனக்கு ஒரு நினைப்பு வந்தது, தேவானை. அதை நான் எழுத மாட்டேன். பின்னால் நின்ற ஒரு பெண், "டிரைவர் சார், கொஞ்சம் மெதுவா போங்க, கொயந்த வெச்சிக்கினு நிக்க முடியல" என்றாள். அந்தக் குரல் மட்டும் காதில் விழுந்தது. வண்டியை இடது ஓரம் ஒதுக்கி, ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிவிட்டேன். பிளாட்பாரத்தில் உட்கார்ந்து இரண்டு கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். என் கையைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

பின்னால் வண்டிகள் எல்லாம் ஹாரன் அடிக்கின்றன. கண்டக்டர் குலாம் ரசூல் நனைந்துகொண்டே ஓடிவந்து, "இன்னா நைனா, வண்டி மக்கர் பண்ணுதா?" என்றான்.

"வண்டி நல்லாதான் கீது. நான்தான் சரியில்ல. என்னை மறுபடி ஏத்தாத ரசூலு" என்றேன்.

குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று ஜனங்கள் கத்தினார்கள். ரசூல் என் முகத்தையே பார்த்தான். பிறகு, "எங்க ஆளு குடிக்க மாட்டாரு, உடம்பு முடியல, எல்லாரும் அடுத்த வண்டில போங்க" என்று இறக்கிவிட்டு, டிப்போவுக்குச் சொல்லி அனுப்பினான். வேறு டிரைவர் வந்து வண்டியை எடுத்தார்.

டிப்போ டாக்டர் நாடி பார்த்தார், பிரஷர் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. எத்தனை நாளாகத் தூக்கமில்லை என்று கேட்டுவிட்டு, ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதினார். எந்தப் பிரிவுக்கு என்று படித்ததும் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அங்கே 'மனநலம்' என்ற போர்டைப் பார்த்ததும் திரும்பி டீக்கடைக்கு வந்துவிட்டேன். ரசூல் பின்னாலேயே வந்து, "உள்ள போனா இன்னா, புடிச்சிக் கட்டியா போட்ருவாங்க? நானும் வரேன் வா" என்றான். கட்டிப்போடுவார்கள் என்றுதான் நான் நிஜமாகவே நம்பினேன். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் கஞ்சி போட்ட புடவை கட்டிய ஒரு டீச்சர். அந்தப் பக்கம் காலேஜ் பையன். ஒருவரும் தலையைப் பிய்த்துக்கொள்ளவில்லை. எல்லாரும் என்னை மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டரம்மா சின்ன வயசு. சாப்பாடு ருசிக்கிறதா, எதிலாவது ஆசை இருக்கிறதா என்றெல்லாம் கேட்டுக்கொண்டே வந்து, ஜுரம் இருக்கிறதா என்று கேட்பதுபோல் அந்தக் கேள்வியையும் கேட்டார். எந்தக் கேள்வி என்று உனக்குத் தெரியும். நீ ஊருக்குக் கிளம்பிய அன்று பாரிமுனை பஸ் ஸ்டாண்டில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஏதாச்சும் பண்ணிக்க மாட்டல்ல?" என்று கேட்டாயே, அதேதான். அன்றைக்கு உன்னிடம் சிரித்து மழுப்பினேன். அந்த அம்மாவிடம் ஆமாம் என்று தலையாட்டினேன். அப்புறம் வெளியே வரிசைக்கெல்லாம் கேட்கிற மாதிரி அழுதேன்.

"இது பைத்தியம் இல்லப்பா. மனச்சோர்வுன்னு ஒரு வியாதி. காமாலை மாதிரி, டைபாய்டு மாதிரி யாருக்கும் வரும். வந்தது உன் தப்பில்ல. வண்டிய நிறுத்திட்டு வந்தே பாரு, அது பெரிய காரியம்" என்றார். மருந்து பிடிக்கச் சில வாரம் ஆகும், கொஞ்சம் தேவலை என்றதும் நிறுத்திவிடக் கூடாது, வாராவாரம் வந்து பேச வேண்டும் என்றும் சொன்னார். தனியாகப் படுக்கக் கூடாதாம். அதனால் ரசூல் வீட்டில் இருக்கிறேன். அவன் பெண்டாட்டி வஜீஹாவிடம்தான் மாத்திரை இருக்கிறது. வேளைக்கு உண்டானதை மட்டும் எடுத்துக் கையில் வைப்பாள். முதல் நாள் எனக்கு அவமானமாக இருந்தது. இப்போது அது அவளிடம் இருப்பதே நிம்மதி.

வாய் வறண்டுபோகிறது, பகலெல்லாம் தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது. டாக்டரம்மா சொல்லும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. லீவில் இருக்கிறேன். டிப்போவில் சிலர் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று பேசிக்கொள்வதாகக் காதுக்கு வந்தது. திரும்ப வண்டி கொடுப்பார்களா, தெரியவில்லை.

நிஜத்தைச் சொல்லவேண்டும் என்றால், பயம் போகவில்லை. வேலை போய்விடுமோ என்று பயம். பிறக்கப்போகிற பிள்ளைக்கும் இது வருமோ என்று பயம். அந்த நினைப்பு மறுபடி வந்துவிட்டால் என்ன செய்வேன் என்று பயம். இதையெல்லாம் முந்தாநாள் டாக்டரம்மாவிடம் சொன்னேன். "மொத தடவை வந்தப்ப, நாளைக்கு என்ன ஆகுமோங்கிற பயமே உனக்கு இல்லப்பா. அதப் பாத்துதான் நான் பயந்தேன்" என்றார்.

வீட்டில் ஒருவருக்காவது சொல்லியாக வேண்டும் என்கிறார். எஸ்.டி.டி. பூத் வரை போனேன். உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது என்று திரும்பிவிட்டேன். உன் அண்ணன் அய்யாதுரையிடம் நீயே சொல்லிவிடு. செய்வினை, கழிப்பு என்று உங்கள் வீட்டில் யாராவது கிளம்பினால், டாக்டர் பார்க்கிறார் என்று மட்டும் சொல். உன் அம்மா, இனி உன்னை இங்கே அனுப்ப மாட்டேன் என்று சொல்லக்கூடும். சொன்னால் எதிர்த்துப் பேசாதே. பெற்ற மனசு அப்படித்தான் சொல்லும். பிரசவம் நல்லபடியாக முடியட்டும். ஆனால் நீ மட்டும் வர மாட்டேன் என்று சொல்லிவிடாதே.

இந்த நிலையில் பஸ் ஏறி இங்கே ஓடிவர வேண்டாம். டாக்டரம்மா சரி என்றதும், ரசூலைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு நானே வந்து உன்னைப் பார்க்கிறேன்.

உன்னையும் நிஷாவையும் வயிற்றில் இருப்பதையும் முண்டகக்கண்ணியம்மன் காப்பாற்றட்டும். சாயங்காலம் விளக்கேற்றும்போது என்னையும் சேர்த்து வேண்டிக்கொள்.

உன்,
டில்லிபாபு